300 அடி போரும் ஒரு மடக்குக் காப்பியும்

எஸ்பிரெசோ என்று நம்பி நான் முதலில் குடித்தது கல்யாண மண்டபத்தில். வரவேற்பு அன்றைக்குச் சாயங்காலம், வாசலை ஒட்டி ஒரு பெரிய சிலிண்டரை கேஸ் அடுப்பின் மேல் ஏற்றியிருப்பார்கள். அதன் குழாயைப் பால் குவளைக்குள் விட்டு வால்வைத் திறந்தால் மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் வரும். நுரைக்கு மேல் கொஞ்சம் சாக்லேட் பொடி. எங்கள் பக்கம் அதற்கு ‘எக்ஸ்பிரஸ் காப்பி’ என்றே பேர். உள்ளே இருப்பது இன்ஸ்டன்ட் பொடி, சுடுதண்ணீரை அழுத்தத்தில் தூள் வழியே தள்ளி இறக்கும் எஸ்பிரெசோ வேறு சங்கதி என்று தெரிய எனக்கு முப்பத்தைந்து வயது ஆக வேண்டியிருந்தது.

நான் மோட்டார் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். பொழுதுக்கும் ஹெட், டெலிவரி, ஆம்பியர் என்று எழுதிக்கொண்டிருக்கிற ஆள். எஸ்பிரெசோவுக்கு 9 பார் அழுத்தம் வேண்டும் என்று படித்ததும் கை தானாகக் கணக்குப் போட்டது. ஒரு பாருக்குத் தண்ணீர் உயரம் பத்து மீட்டர் சொச்சம். 9 பாருக்கு ஏறக்குறைய 92 மீட்டர். அதாவது 300 அடி. 300 அடி ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே தள்ளுகிற அழுத்தத்தை 18 கிராம் காப்பித்தூள் மேல் காட்டுகிறார்கள். (எங்கள் பக்கம் 300 அடி போர் என்பது அப்பாரு காலத்துச் சமாச்சாரம். இப்போது ஆயிரம் அடி ஓட்டினாலும் புகைதான் பறக்கிறது.) அந்தக் கணக்கு போட்ட நாளிலிருந்து மிஷின் வாங்கியே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. காப்பி ஆசை கொஞ்சம், பம்ப் ஆசை மிச்சம்.

மண்டபத்து சிலிண்டரும் ஒரு வகையில் இதன் பங்காளிதான். 1901இல் மிலான் நகரத்து பெட்செரா காப்புரிமை வாங்கிய மிஷின் ஆவியின் அழுத்தத்திலேயே ஓடியது. அதில் ஒன்றரை பார் கிடைத்தால் பெரிது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அக்கில்லே காஜ்ஜியா நெம்புகோலும் ஸ்பிரிங்கும் வைத்து அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றினார். காப்பியின் மேல் அந்தப் பொன்னிற நுரை படிந்தது அப்போதுதான். 1961இல் ஃபாயேமா கம்பெனியின் ஈ61 மிஷின் நெம்புகோலை எடுத்துவிட்டு மின்சாரப் பம்பை வைத்தது. இன்றைக்கு வீட்டு மிஷின்களில் இருப்பது விரல் நீளக் காயிலுக்குள் ஒரு இரும்புத் தண்டு முன்னும் பின்னும் அதிர்கிற குட்டிப் பம்ப்.

கடையில் பெட்டி மேல் ‘15 பார்’, ‘20 பார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பம்ப்காரனுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அது ஷட்ஆஃப் ஹெட். வால்வை முழுக்க மூடி, ஒரு சொட்டு டெலிவரி இல்லாதபோது காட்டும் அழுத்தம். அந்த எண்ணைப் பார்த்து வாங்கினால் ஏமாந்தது நாம்தான். 20ஐ விட 9இல் அடக்கி வைத்த 15 மேல்.

நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்கு வருகிறவற்றில் பெரும்பாலும் பம்பே கிடையாது, ஆவிதான். அதுக்கு மண்டபமே தேவலை. அதற்கு மேல், தூள் போடும் கூடை 51 மில்லிமீட்டரில் வரும் தெர்மோபிளாக் மிஷின்கள், அதாவது தண்ணீரை ஓடும்போதே சூடாக்குகிறவை. சீக்கிரம் சூடாகும், இடம் அடைக்காது. ஆனால் கூடவே தரும் கூடை இரட்டைச் சுவர் கூடை: அடியில் ஒரே ஒரு ஊசித் துளை. எந்தத் தூளைப் போட்டாலும் அந்தத் துளை வழியே பீய்ச்சி நுரையைக் காட்டிவிடும். கடைத்தூளை வைத்தே குடிக்கிறவர்களுக்கு அது வசதி. அரைக்கக் கற்றுக்கொள்ள நினைக்கிறவனுக்கு அது முகமூடி. பித்தானை அமுக்கினால் கொட்டையை அரைத்துப் பால் வரைக்கும் தானே கலக்கும் மிஷின்கள் உண்டு. ஒன்றை நண்பர் வீட்டில் கவிழ்த்துப் பார்த்தேன். எங்கே திறப்பது என்றே தெரியவில்லை. அங்கேயே முடிவு செய்துகொண்டேன்: திருகாணி கண்ணுக்குத் தெரிகிற மிஷின்தான் நமக்கு. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, எதையும் பிரித்து மாட்டுகிற பட்டறைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, மூடி முத்திரை வைத்த பெட்டியை வாங்குவானேன்?

எனக்குக் கிடைத்தது ஒரு பாய்லர், ஒரு பம்ப், 58 மில்லிமீட்டர் கூடை போட்ட பழைய மிஷின். சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி. வேலையில் இருந்த தம்பதி வெளிநாடு கிளம்பும்போது பதினான்காயிரத்துக்குக் கொடுத்தார்கள். “ஒரு வருஷமா அட்டாலியில கெடக்குதுங்க, ஓடும்” என்றார் அவர். ஓடும் என்பதில் ஒரு வருங்காலம் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

தூக்கி வருவதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்தேன்: பின்னால் ஒட்டிய தகடு. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1300 வாட். அண்ணன் முறையாகிற ஒருத்தர் அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் மிஷினைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து, நம் பிளக்குக்கு ஏற்ற பின்னை மட்டும் மாற்றி மாட்டினார். ஹீட்டர் போனது. வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் சுற்றிக்கொள்ளலாம். நம் ஊரில் அது பெரிய வேலை இல்லை. ஆனால் அந்தப் பம்ப் 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது, அதை டிரான்ஸ்பார்மர் மாற்றாது.

சனிக்கிழமை வெள்ளென எழுந்து, துடைத்து, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டேன். மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. ட்ரிப். ஃப்ரிட்ஜ் நின்றது, அம்மா கிரைண்டரில் போட்டிருந்த மாவும் நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி ட்ரிப்.

இது எனக்குத் தெரிந்த நோய். ஹீட்டர் எலிமென்ட்டுக்குள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். சும்மா கிடந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவிடும். மிஷின் சும்மா கிடந்தது ஒரு வருஷம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் மூடியின் நான்கு திருகாணிகளைக் கழற்றி, ஹீட்டர் ஒயரை விலக்கி, மின்கசிவு பார்க்க ஆபீசிலிருந்து கடன் வாங்கிய மெக்கரை வைத்துப் பார்த்தேன். 500 வோல்ட்டில் 0.2 மெகா ஓம். பம்ப் மோட்டார் என்றால் இந்த ரீடிங்கோடு டெஸ்ட் பெஞ்சுக்கே விடமாட்டேன்.

மருந்தும் தெரிந்ததுதான். தண்ணீர் குடித்த மோட்டாரை வைண்டிங் கடைகளில் எப்படிக் காய வைப்பார்கள்? பெட்டிக்குள் வைத்துக் குண்டு பல்பை எரிய விடுவார்கள். பாய்லரைத் தனியாகக் கழற்றி, அட்டைப்பெட்டிக்குள் ஒரு 100 வாட் பல்போடு ராத்திரி முழுக்க வைத்தேன். பல்பு அட்டையைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் இரண்டு தரம் எழுந்து வந்து பார்த்தேன். காலையில் 30 மெகா ஓமுக்கு மேல். அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, “ஏன் சாமி, கோழிக்குஞ்சு ஏதாச்சும் வாங்கிட்டு வந்தயா?” என்றார்.

பாய்லரைத்தான் கழற்றியாகிவிட்டதே, உள்ளேயும் பார்த்துவிடலாம் என்று இரண்டு பாதியாகப் பிரித்தேன். பிரித்தது நல்லதாகப் போயிற்று. உள்சுவர் முழுக்க உப்புப் படிவு, கெய்சர் காயிலில் பிடிக்கிற மாதிரியே. தண்ணீர் வெளியேறும் துளை பாதி மூடியிருந்தது. எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்தான் வேலை செய்தது. லிட்டருக்கு 20 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர். ஊற்றியதும் சோடா மாதிரி பொங்கியது. சுண்ணாம்பு கரைந்து கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிற அடையாளம். பாய்லர் அலுமினியம் என்பதால் ஊற வைத்துவிட்டுத் தூங்கப் போகவில்லை. இருபது நிமிஷம், கழுவல், இன்னொரு இருபது நிமிஷம். அலுமினியத்தை ஆசிட்டில் அதிக நேரம் விட்டால் படிவோடு பாய்லரும் கரையும்.

அடுத்து, கைப்பிடிக் கரண்டி மாட்டுகிற வாயில் இருக்கும் கேஸ்கட். ரப்பராகப் பிறந்தது சூடு பட்டுப் பட்டு பிளாஸ்டிக்காகிவிட்டிருந்தது. நெம்பினால் துண்டு துண்டாக உடைந்தது. மரத் திருகாணி இரண்டை அதற்குள்ளேயே ஏற்றி, குறடால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஒரு மணி நேரம் கத்தியோடு மல்லுக்கட்டிய பிறகுதான் இந்த யோசனை வந்தது. புதியதை ஆன்லைனில் வரவழைத்தேன், சிலிக்கானில். பாய்லரின் ஓ-ரிங்கை உள்ளூரிலேயே வாங்கினேன். கடைக்காரர் பழக்கத்தில் நைட்ரைல் ரப்பரைத்தான் எடுத்தார். சுடுதண்ணீருக்கு, அதுவும் குடிக்கிற தண்ணீருக்கு, உணவுத் தரச் சிலிக்கானோ ஈ.பி.டி.எம். ரப்பரோதான் என்று கேட்டு வாங்க வேண்டும்.

மாட்டி ஓட்டினேன். ட்ரிப் இல்லை, ஒழுகல் இல்லை. அழுத்தம் எவ்வளவு என்று தெரியாமல் குத்துமதிப்பாக எதையும் திருக எனக்கு மனசு வராது. கைப்பிடியின் அடியில் காப்பி இறங்கும் மூக்கைத் திருகி எடுத்தால் 3/8 அங்குல பி.எஸ்.பி. மரை இருந்தது, நம் பிளம்பிங் மரையேதான்! எங்களிடம் இருக்கும் கிளிசரின் பிரஷர் கேஜுக்கு 1/4 அங்குலம். ஆவாரம்பாளையத்தில் தெரிந்த லேத்துக்குப் போய்ப் பித்தளையில் ஒரு ரெடியூசர் போட்டு வாங்கினேன். கேஜை மாட்டிப் பம்பை ஓட்டினால் முள் 13இல் போய் நின்றது. மிஷினுக்குள் அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி விடுகிற ஒரு வால்வு இருக்கிறது. உள்ளே ஸ்பிரிங், மேலே ஆலன் கீ போடுகிற திருகு. கால் திருகு தளர்த்துவது, ஐந்து நொடி ஓட்டிப் பார்ப்பது, மறுபடி கால் திருகு. 10இல் நிறுத்தினேன். கேஜ் மூடிய நிலையில் காட்டுவது 10 என்றால், காப்பி இறங்கும்போது சுமார் 9 இருக்கும்.

அதே லேத்தில் இன்னொரு வேலையும் ஆனது. மிஷினோடு வந்த தூள் அமுக்கி பிளாஸ்டிக், கூடையில் லொடலொடவென்று ஆடியது. கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்து, உட்புறம் அளந்து, எஸ்.எஸ். ராடில் 58.3 மில்லிமீட்டருக்குக் கடைந்து தரச் சொன்னேன். லேத் அண்ணன் வெர்னியரை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏனுங் தம்பி, இது எந்த வண்டிப் பிஸ்டனுங்?”

“காப்பிக்குங்ணா.”

“காப்பிக்கா!” பக்கத்து மிஷின்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். காசு வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். கூர் முனையை மழுக்கி, எண்ணெய்க் கல்லில் தேய்த்துக் கொடுத்தார் பாருங்கள், கடையில் மூவாயிரம் கொடுத்து வாங்குவது இதன் பக்கத்தில் நிற்காது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், பாய்லர் உப்பேறியது அதனால்தானே. கோவை நகரத்துக்குள் சிறுவாணி வருகிற வீடுகளுக்கு இந்தக் கவலை குறைவு, மென்மையான தண்ணீர். எங்களுக்கு சூலூர் பக்கம் இரண்டு குழாய்: போரிலிருந்து உப்புத் தண்ணி, முறை வைத்து வருகிற நல்ல தண்ணி. போர் தண்ணீர், கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 1400. அதை மிஷினில் ஊற்றுவது பாவம். அப்படியென்றால் ஆர்.ஓ. தண்ணீர் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் முதல் மாசம் ஊற்றினேன். 40க்குக் கீழே இறங்கிய தண்ணீரில் காப்பி சப்பென்று இருக்கிறது. சுவையை இழுக்கக் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் வேண்டும். இப்போது நல்ல தண்ணி பாதி, ஆர்.ஓ. பாதி. மீட்டரில் 130 பக்கம் நிற்கிறது. ஆனால் டி.டி.எஸ். மீட்டர் எல்லா உப்பையும் ஒன்றாகத்தான் எண்ணும், படிகிற உப்பு எது என்று அதற்குத் தெரியாது. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் கடினத்தன்மையைத் தனியாகச் சொல்கிறது. அதை வருஷத்துக்கு இரண்டு தரமாவது போட்டுப் பார்ப்பது நல்லது, கோடைக்கும் மழைக்கும் குழாய்த் தண்ணீர் ஒன்றாக இருப்பதில்லை.

கரண்டு இன்னொரு தலைவலி. பொழுதோட ஆறு மணிக்கு மேல், தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஓடும் நேரம், எங்கள் வீட்டில் 180 வோல்ட். வோல்ட் இருபது சதவீதம் குறைந்தால் ஹீட்டரும் இருபது சதவீதம்தானே குறையும் என்று நினைக்கக் கூடாது. சக்தி வோல்ட்டின் வர்க்கத்தில் இறங்கும். 1300 வாட் ஹீட்டர் 800 வாட்டுக்கு வந்துவிடும். சூடாக நேரம் பிடிக்கும், ஆவி நமத்துப்போகும், பம்பும் முனகும். ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் மாட்டலாமா என்று கேட்காதீர்கள், அதன் அளவு பத்தாது. நான் காலை ஆறு மணிக்கே குடித்துவிடுகிறேன்.

இவ்வளவும் ஆன பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது: தூள். முதலில் வீட்டில் இருந்த ஃபில்டர் காப்பித் தூளைப் போட்டேன், காப்பி எண்பது, சிக்கரி இருபது. முப்பது நொடி ஒன்றும் வரவில்லை. பிறகு ஓரத்தில் பீறிட்டுச் சுவரில் அடித்தது. சிக்கரி தண்ணீரில் ஊறிக் களி மாதிரி ஆகிவிடும். டிகாஷனுக்குத் திக்கு கொடுக்கும் அதே குணம் இங்கே அடைப்பாகிறது. அடுத்து மிக்ஸி. மிக்ஸி அரைப்பதில்லை, வெட்டுகிறது. ரவையும் மாவும் கலந்தாற்போல் வந்தது, தண்ணீர் ரவை வழியே ஓடிவிட்டது. சரி என்று, மிஷினுக்குக் கொடுத்த காசில் பாதிக்கு மேல் போட்டு, இரும்புப் பல் வைத்த கை கிரைண்டர் ஒன்று வாங்கினேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இந்தக் காசை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். கிரைண்டர் இல்லாத எஸ்பிரெசோ மிஷின், ஃபுட்வால்வு இல்லாத மோட்டார் மாதிரி. சத்தம் வரும், தண்ணி வராது.

கொட்டை வாங்கவும் ஒரு கூத்து. வழக்கமாகத் தூள் வாங்கும் கடையில், “பீபரி அரைக் கிலோ, அரைக்காம குடுங்க” என்றேன். “கொட்டையாவேங்களா? வீட்டுல மிஷின் வெச்சிருக்கீங்களா?” வறுத்து இரண்டு நாள் ஆனது. அன்றைக்கே போட்டால் வாயு நிறைந்து நுரை மட்டும் பொங்கிக் காப்பி காரலாக இறங்குகிறது. வறுத்து ஒரு வாரம், பத்து நாள் மூடி வைத்த பிறகு அடங்குகிறது. கறுக்க வறுத்து எண்ணெய் மினுங்குகிற கொட்டையைத் தவிர்த்துவிட்டேன், கிரைண்டர் பல்லில் பிசின் பிடிக்கிறது. இப்போது மாற்றி மாற்றி வாங்குவது ஏற்காட்டு அரபிகாவும் நீலகிரிக் கொட்டையும்.

ஒரு காலையை அப்படியே சொல்கிறேன். கைப்பிடியை வாயில் மாட்டியபடி மிஷினை இருபது நிமிஷம் சூடாக விடுகிறேன். இரும்பு குளிர்ந்திருந்தால் காப்பி புளிக்கும். 18 கிராம் நிறுத்து அரைக்கிறேன். கூடையில் கொட்டி, கார்க்கில் குத்திய நாலு மெல்லிய ஊசியால் கிளறிக் கட்டி உடைக்கிறேன். லேத் அண்ணன் பிஸ்டனை நேராக வைத்து, அது போதும் என்று சொல்லும் வரை அமுக்குகிறேன். தராசின் மேல் டம்ளர், பம்ப் ஆன். ஆறு, ஏழு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் கைப்பிடி மூக்கின் நுனியில் வியர்வை மாதிரி கறுப்புச் சொட்டுகள் துளிர்க்கின்றன; ஒன்றோடொன்று சேர்ந்து எலி வால் தடிமனில் ஒற்றை நூலாக இறங்குகின்றன. கருப்பட்டிப் பாகு நிறம், போகப் போகச் செந்தேன், கடைசியில் வெளிர் மஞ்சள். தராசு 36 கிராம் காட்டும்போது நிறுத்துகிறேன். 28 நொடி. முதல் நாள் இதே 36 கிராம் 9 நொடியில் வந்தது. கிரைண்டரை இரண்டு இரண்டு கிளிக்காக இறுக்கி, ஒரு நாள் 50 நொடிக்குப் போய்க் கசந்து, திரும்பி வந்து இந்த 28ஐப் பிடிக்க மூணு வாரமும் ஒன்றேகால் கிலோ கொட்டையும் ஆயின. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அரைப்பு, எடை, நேரம் மூன்றையும் ஒரே காலையில் மாற்றிவிட்டு எதனால் கசந்தது என்று தெரியாமல் நான் முழித்த நாட்கள் நிறைய. பெஞ்சில் இதைச் செய்தால் என் சூப்பர்வைசர் விடமாட்டார், வீட்டில் கேட்க ஆள் இல்லை.

சூட்டை ஒரே டிகிரியில் நிறுத்த பி.ஐ.டி. கன்ட்ரோலர் மாட்டு என்று கூட வேலை பார்ப்பவன் நச்சரிக்கிறான். பாகங்கள் மேசை டிராயரில்தான் கிடக்கின்றன. சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணைந்ததும் கொஞ்சம் தண்ணீரை விட்டு, மறுபடி எரிந்து அணையும் வரை காத்திருந்து எடுத்தால் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

அம்மாவுக்கு முதல் நல்ல காப்பியைக் கொடுத்தேன். டம்ளரைச் சாய்த்து அடியைப் பார்த்தார். “ஏன் சாமி, இத்தனை சத்தம் போட்டு இவ்வளவுதானா வருது?” ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்து, மிச்சத்தில் பால் ஊற்றிச் சர்க்கரை போட்டு ஆற்றிக் குடித்துவிட்டு, “இப்பப் பரவால்ல” என்றார். அவருடைய பித்தளை ஃபில்டருக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் ஆவிக் குழாயை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டார். ஓரம்பரை வந்தால் பால் போசியைக் குழாயின் கீழே பிடித்து வால்வைத் திறக்கிறார். முதலில் வருகிற தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும், குழாய் முனையைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றே கீழே வைக்க வேண்டும், போசியைக் கை தாங்காத சூட்டில் நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பக்கத்துத் தோட்டத்துக் கறவைப் பால், நுரை நிற்கிறது. அதில் தன் டிகாஷனைக் கலந்து, மேலே சாக்லேட் பொடி தூவி, மண்டபத்துக் காப்பி என்று கொடுக்கிறார். வந்தவர்கள் என் 28 நொடியைப் பற்றிக் கேட்பதே இல்லை.

அவர் வால்வை மூடும்போது போர் கேட் வால்வை மூடுகிற பலத்தில் மூடுகிறார். போன வாரத்திலிருந்து ஆவிக் குழாய் நுனியில் சொட்டு நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தேன், ஊசி உட்காரும் பித்தளை இருக்கையில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லேத்துக்கு எடுத்துப் போக வேண்டும். அண்ணனுக்கு ஃபிளாஸ்கில் காப்பி கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். எந்தக் காப்பி என்று சொல்லவில்லை.